நாற்பத்தொன்றின் மேல் எழுதிய பெயர்

வில்ஃப் ஆக்டனைக் கெட்டவன் என்று எங்கள் கார்ஸ்லியில் யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டுறவுக் கடையில் பன்றிக்கறி சீவித் தருகிற ஆள். எடையில் கை வைக்காதவன். பல் போனவர்களுக்கு மிருதுவான துண்டாகப் பார்த்துப் போடுகிறவன். பெண்டாட்டி டொரீன் ஒரு அதட்டல் போட்டால் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வருகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு காரியம் செய்தான். கொலையில்லை, கொள்ளையில்லை. ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் ஒரு பிரஷும் வைத்துக்கொண்டு செய்த காரியம். அதை நினைத்தால் அவனை நாலு அறை விடுவதா, தோளில் கை போட்டுப் பக்கத்தில் உட்காருவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் மதுக்கடைப் பின்னறையில் மூன்று பேர் கூடுவார்கள். வில்ஃப், பஸ் ஓட்டுகிற சிரில் எண்ட்விசில், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற அலெக் டாட்டர்சால். மூன்றும் ரயில் பைத்தியங்கள். நீராவி எஞ்சினையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ரயில்வே டீசலுக்கு மாறியதிலிருந்து இவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. ஒரு எஞ்சின் வாங்க வேண்டும். பொம்மை எஞ்சினில்லை, அது மூன்று பேர் வீட்டிலும் ஏற்கெனவே மேசை மேல் சுற்றிக்கொண்டிருந்தது. நிஜமான எஞ்சின். கரி தின்று, தண்ணீர் குடித்து, நிற்கிற இடமெல்லாம் புகை கக்குகிற முழு எஞ்சின்.

கையில் காசு கிடையாது. அதற்காகக் கனவை நிறுத்தி வைக்க முடியுமா? யார் டிரைவர், யார் கரி அள்ளிப் போடுவது, முதல் ஓட்டத்துக்கு ஊரில் யார் யாரைக் கூப்பிடுவது, மாமனாரைக் கூப்பிடலாமா வேண்டாமா, எல்லாம் பேசி முடித்தாயிற்று. வில்ஃப் கறி சுற்றுகிற காகிதத்தில் எஞ்சின் கொட்டகைக்குப் படம் போடுவான். ஊரில் பாதிப் பேர் காலையில் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே தண்டவாளம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் கொல்லையை அளந்தும் பார்த்துவிட்டான். துணிக்கொடிக் கம்பத்தைப் பிடுங்கினாலும் எஞ்சினில் பாதி அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போகும் என்று தெரிந்தது.

"முன்னறையில நிறுத்தேன் வில்ஃப். பியானோவ வேணா கொஞ்சம் நகத்திக்கலாம்," என்றாள் டொரீன். அவள் வாய் அப்படி.

எல்லாவற்றையும் விட நிறம்தான் பெரிய வில்லங்கம். கறுப்பு அடித்து ஓரத்தில் சிவப்புக் கோடு இழுக்க வேண்டும் என்பது சிரில் கட்சி. கருஞ்சிவப்புதான் மரியாதை என்பது அலெக் கட்சி. இல்லாத எஞ்சினுக்கு எந்த நிறம் அடிப்பது என்று ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அலெக் கிட்ட அந்த உப்ப இப்படித் தள்ளச் சொல்லு வில்ஃப்," என்கிற அளவுக்குப் போனது.

வேல்ஸ் கடற்கரையில் கிரிஃப் பிராசர் என்பவர் பழைய இரும்பு யார்டு வைத்திருந்தார். ரயில்வே கழித்துக்கட்டிய எஞ்சின்களையும் சரக்கு வண்டிகளையும் மொத்தமாக வாங்கி, வெட்டி, எடைக்குப் போடுகிற தொழில். எங்கள் ஊர்ப் பைத்தியங்கள் போல நாடு முழுக்க இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் தேநீர்ப் பிளாஸ்கும் சாண்ட்விச்சும் கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள், கல்லறைத் தோட்டத்துக்குப் பூ கொண்டுபோகிற மாதிரி. வரிசை வரிசையாகத் துருப்பிடித்து நிற்கும். உப்புக் காற்று. ஏறிப் பார்ப்பார்கள், இறங்குவார்கள், பெருமூச்சு விடுவார்கள்.

அங்கேதான் மூன்று பேரும் நாற்பத்தொன்றைப் பார்த்தார்கள். எஞ்சின் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அது, அதனால் அதுதான் அவள் பேர். எஞ்சின் என்றால் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் 'அவள்'தான். கார்ஸ்லிக் கிளை லைனில் ஓடியவள். வில்ஃபும் டொரீனும் கல்யாணமான மறுநாள் பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பியபோது முதல் வண்டியை இழுத்தவள் அவள்தான். அவள் வகையில் வேறு எதுவும் மிச்சமில்லை, எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிற்று என்று அலெக் சொன்னான். வில்ஃப் அவள் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டே நின்றான். கையெல்லாம் துரு.

அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சங்கம் பணம் திரட்டி பிராசரிடம் முன்பணம் கட்டிவிட்டால், எஞ்சினின் பக்கவாட்டில் வெள்ளையில் எழுதிவிடுவார்கள், 'ஒதுக்கப்பட்டது' என்று, கீழே சங்கத்தின் பேரோடு. அப்படி எழுதியதிலிருந்து ஒரு திருகாணியைக்கூட எவனும் கழற்ற மாட்டான். ஆபீஸில் போய் விலை விசாரிக்கவும் மாட்டான். இன்னொருத்தனுக்கு நிச்சயமான பெண்ணைப் போய்ப் பெண் கேட்கிற மாதிரி அசிங்கம் அது. எழுதினவனிடம் ரசீது எங்கே என்று கேட்டவனும் கிடையாது. ஒரு ரயில் பைத்தியம் அதில் பொய் எழுதுவான் என்று இன்னொரு ரயில் பைத்தியத்துக்குத் தோன்றவே தோன்றாது.

ஒவ்வொரு தடவை போகும்போதும் நாற்பத்தொன்றில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். ஒரு பித்தளைக் குழாய், ஒரு கைப்பிடி, ஒரு அளவுமானி. யாரோ தங்கள் எஞ்சினுக்காகக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். வில்ஃபுக்கு வயிறு எரியும். ஒரு ஞாயிறு, மற்ற இரண்டு பேரும் வேலிப் பக்கம் சாண்ட்விச் தின்னப் போன நேரம் பார்த்து, பையின் அடியிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தான். கொல்லைக் கதவுக்கு அடித்து மிஞ்சியது. ஏதோ அந்த நேரத்துக் கிறுக்கு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்தே மறைத்து எடுத்து வந்திருக்கிறான்.

'ஒதுக்கப்பட்டது. கார்ஸ்லி எஞ்சின் டிரஸ்ட்' என்று பெரிய எழுத்தில் எழுதினான். கறிக்கடையில் விலைப்பலகை எழுதிப் பழகிய கை, எழுத்து அச்சடித்த மாதிரி வந்தது.

அப்படி ஒரு டிரஸ்ட் உலகத்திலேயே கிடையாது. திரும்பி வந்து பார்த்த அலெக் முதலில் வாயைப் பிளந்தான், அப்புறம் கண் கலங்கிவிட்டான். சிரில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "டிரஸ்ட்டுக்குத் தலைவர் யாருடா?" என்று கேட்டான். மூன்று பேரும் எழுத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தனாவது, வேண்டாம்ப்பா, நமக்கு எதுக்கு இந்த வேலை, என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதிலிருந்து யாரும் நாற்பத்தொன்றைத் தொடவில்லை. வில்ஃப் நினைத்தது நடந்தது. நினைக்காதது ஒன்றும் கூடவே நடந்தது. யார்டுக்கு வருகிறவர்கள் இவர்களைப் பார்த்ததும், "நீங்கதானே அந்தக் கார்ஸ்லிக்காரங்க?" என்று கை கொடுக்க ஆரம்பித்தார்கள். கறிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு யார் கை கொடுக்கப் போகிறார்கள்? வில்ஃபின் நடையே மாறிவிட்டது. முன்பணம் கட்டினவன் மாதிரி எஞ்சினைச் சுற்றி வருவான், சக்கரத்தில் தட்டிப் பார்ப்பான், அடுத்தவர்களுக்கு ஆலோசனை சொல்வான். வருஷம் ஒரு தடவை போய் மங்கின எழுத்தின் மேல் புதுசாக அடித்துவிட்டு வருவான். டிரஸ்டுக்கென்று ஒரு உண்டியல்கூட வைக்கவில்லை. நிறச் சண்டை மட்டும் முன்னைவிட மும்முரமாக நடந்தது.

ஒரு இலையுதிர் காலத்து ஞாயிறு. சிரிலும் அலெக்கும் வழக்கம்போல வேலிப் பக்கம். வில்ஃப் பிரஷும் கையுமாக நிற்கிறபோது உயரமான ஒரு மனிதர் வந்து தொப்பியைத் தொட்டார். சுற்றி வேறு நாலைந்து பேர் பிளாஸ்கைத் திறந்துகொண்டு நின்றிருந்தார்கள். தன் பேர் ஹியூ பார்ஜெட்டர் என்றும், மூடிப்போன ஒரு கிளை லைனை ஊர்க்காரர்களே எடுத்து ஓட்டுகிறார்கள், அதில் தானும் ஒருத்தர் என்றும் சொல்லிக்கொண்டார்.

"இவள மாதிரி ஒருத்திதாங்க எங்க லைன்ல இருக்கற மேட்டுக்கு வேணும்," என்றார் அவர். "எல்லாருமா சேந்து பணம் தெரட்டிட்டோம். செக் இந்தா, கோட்டுப் பையிலயே இருக்கு. ஆனா உங்க பேரு எழுதியிருக்கறதப் பாத்ததும் ஆபீஸ் பக்கமே போகல. போறது முறையில்ல பாருங்க. ஸ்டேஷன் போன் நம்பர் எழுதித் தர்றேன், எப்பவாவது நீங்க விடறதா இருந்தா எங்களுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

ஒரு வார்த்தை. இதில்தான் எல்லாம் இருந்தது. அவள் எங்களுடையவள் இல்லை ஐயா, போய்க் கேளுங்கள் என்று சொன்னால் போதும். நாற்பத்தொன்று பிழைத்துவிடுவாள். வில்ஃபுக்கு அது நன்றாகத் தெரிந்தது, தெரியாமல் செய்தான் என்று யாரும் பரிந்துகொண்டு வர வேண்டாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுற்றி நின்றவர்கள் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்ஸ்லிக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள்.

"இல்லீங்க," என்றான் வில்ஃப். "வர்ற வசந்தத்துல எடுத்துட்டுப் போறோம். பாய்லரெல்லாம் ஆளு வந்து பாத்தாச்சு."

பார்ஜெட்டர் முகம் ஒரு நொடி வாடியது. உடனே சமாளித்துக்கொண்டு இவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல இடத்துக்குத்தான் போகிறாள், அது போதும் என்றார். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கொஞ்சம் இருங்கள் என்று காருக்குப் போய், கம்பளியில் சுற்றிய ஒரு பாரத்தைக் கொண்டுவந்தார். பிரித்தால் வார்ப்பிரும்பில் நாற்பத்தொன்றின் எண் பலகை. எஞ்சினின் முகப்பில், மூக்குக்கு மேலே இருக்குமே, அது. ரயில்வே ஏலத்தில் அவர்கள் சங்கத்து ஆள் எடுத்ததாம், என்றைக்காவது அவளை வாங்கினால் மாட்டலாம் என்று.

"இனிமே இது எங்ககிட்ட இருந்து என்ன பண்ணப்போகுது? அவ நெத்தியில இருக்க வேண்டியது," என்று வில்ஃபின் கையில் வைத்துவிட்டார்.

வில்ஃப் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டான் என்பதை எழுதும்போது எனக்கே முகம் சுடுகிறது.

மற்ற இரண்டு பேரும் வந்து பலகையைப் பார்த்துக் குதித்தார்கள். யாரோ ஒரு நல்ல மனுஷன் கொடுத்துவிட்டுப் போனான் என்று மட்டும் வில்ஃப் சொன்னான், செக் கதையைச் சொல்லவில்லை. மதுக்கடைப் பின்னறைச் சுவரில் அதை மாட்டினார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் வில்ஃப் அதற்கு முதுகு காட்டி உட்காரப் பார்ப்பான். சிரில் அந்த நாற்காலியை முந்திப் பிடித்துவிட்டால் பலகை நேராக முகத்தில் முழிக்கும், அன்றைக்குக் குடிக்கிறது உள்ளே இறங்காது.

டொரீனிடம் எதை மறைக்க முடியும்? இரண்டு செவ்வாய் இவன் சீக்கிரம் வீடு திரும்பியதிலேயே பிடித்துவிட்டாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள், இவன் கக்கிவிட்டான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கே அந்தாளுக்குச் சொல்லிடு வில்ஃப்."

"கிறிஸ்துமஸ் போகட்டும்."

"கிறிஸ்துமஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவமானமா இருக்கு, அதானே?"

அவமானம் மட்டும் என்றால் கூட மன்னிக்கலாம். அதற்கடியில் இன்னொன்று கிடந்தது, அதை அவன் டொரீனிடம்கூட ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னான். சொல்லிவிட்டால் நாற்பத்தொன்று பார்ஜெட்டர் ஊருக்குப் போவாள். அவர்கள் இஷ்டத்துக்கு நிறம் அடிப்பார்கள். அவர்களில் ஒருத்தன் கைப்பிடியைப் பிடித்து நிற்பான். வில்ஃப் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தோடு நின்று பார்க்க வேண்டும். துருப்பிடித்து நின்றாலும் தன் பேரைச் சுமந்துகொண்டு நிற்கட்டும் என்று அந்த மனசு நினைத்தது. எப்பேர்ப்பட்ட பிரியம் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் போனது. புது வருஷம் போனது. கடைக்கு எதிரே உள்ள சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்பான். காசைக் கையில் வைத்துக்கொண்டு, பார்ஜெட்டரின் எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். ஒரு தடவை மணி அடிக்கவே அடித்தது, அந்தப் பக்கம் யாரோ எடுத்து, "ஹலோ, ஸ்டேஷன்," என்றார்கள். வைத்துவிட்டான். ஈஸ்டருக்கு யார்டுக்குப் போவோமே, அங்கே அவர் வந்தாலும் வருவார், நேரிலேயே சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்துகொண்டான்.

ஈஸ்டருக்கு மூன்று பேரும் போனார்கள். வழியெல்லாம் சிரிலும் அலெக்கும் நிறத்தைப் பற்றி ஒரு சமரசத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள், கறுப்பு அடித்து உள்பக்கம் மட்டும் கருஞ்சிவப்பு என்று. யார்டுக்குள் நுழைந்து வழக்கமான வரிசையில் திரும்பினார்கள். நாற்பத்தொன்று நின்ற இடத்தில் தண்டவாளம் மட்டும் இருந்தது. நடுவில் எண்ணெய்க் கறை, புதுசாக வெட்டுப்பட்ட இரும்புத் துகள்.

கிரிஃப் பிராசர் ஆபீஸ் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காகச் சரக்கு வண்டிகளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தோம், அது சுலபம், எஞ்சின் பக்கம் போக நேரமில்லாமல் இருந்தது என்றார். வண்டிகள் தீர்ந்துபோயின. சும்மா நிற்கிற ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டாமா? முன்பணம் கட்டாத எஞ்சின்களிலிருந்து ஆரம்பித்தோம் என்றார்.

"அதுல பேரு எழுதியிருந்துச்சே," என்றான் அலெக்.

"எஞ்சின் மேல எழுதறதெல்லாம் நான் படிச்சுக்கிட்டிருக்க முடியுமாப்பா? ஆபீசுக்கு வந்து சொல்லியிருக்கணும். அந்த எஞ்சினப் பத்தி ஒருத்தரும் ஒரு நாளும் வந்து கேட்டதில்ல. எல்லாரும் எதையாவது கேக்கறாங்க, இத மட்டும் ஏன் யாருக்கும் பிடிக்கலன்னு நானே நெனச்சிருக்கேன். யாராவது கேட்டிருந்தா நிறுத்தி வச்சிருப்பேன். நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல."

ஏன் யாரும் கேட்கவில்லை என்பது வில்ஃபுக்குத் தெரியும். கேட்க வேண்டியவர்களையெல்லாம் தடுத்தது அந்த வெள்ளை எழுத்து. வெட்ட வந்தவனை மட்டும் அது தடுக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் குவியலில் ஒரு தகடு சாய்ந்து கிடந்தது. அதில் அவன் கையெழுத்து, பாதி. 'கார்ஸ்லி எஞ்' என்பதோடு அறுந்திருந்தது.

அங்கேயே, அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வில்ஃப் பார்ஜெட்டர் விஷயத்தை இரண்டு பேரிடமும் சொன்னான்.

சிரில் வாயாடி. எதற்கும் ஒரு நையாண்டி வைத்திருப்பவன். அன்றைக்கு அதெல்லாம் இல்லாமல் நேராகக் கேட்டான்.

"செக் பையில இருக்குன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீ வசந்தத்துல எடுக்கறோம்னு சொன்ன."

"ஆமா."

"நல்லா இரு," என்றான் சிரில், பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.

அலெக் போகவில்லை. படத்தில் நாங்களும்தானே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம், உன்னை மட்டும் சொல்லி என்ன, என்றான். அது வில்ஃபுக்கு ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஊர் திரும்பும்வரை மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

அந்தச் செவ்வாய் பின்னறையில் யாரும் இல்லை. வில்ஃப் போய்ச் சுவரிலிருந்து பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தான். டொரீன் அதை வாங்கிக்கொண்டாள். அதைத் துடைத்து, கம்பளியில் சுற்றி, மே மாதக் கடைசி விடுமுறைக்குப் பார்ஜெட்டர் ஊருக்குப் போகிறோம் என்று அவளே முடிவு செய்தாள். இந்தத் தடவை தொலைபேசிக் கூண்டுக்குள் கூடவே வந்து நெருக்கிக்கொண்டு நின்றாள். பார்ஜெட்டர் இல்லை, எடுத்தவரிடம், கார்ஸ்லியிலிருந்து ஆக்டன் வருகிறேன், எண் பலகை விஷயமாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டு, "வாங்க வாங்க, எல்லாம் ஏற்பாடு பண்ணிடறோம்," என்றார். என்ன ஏற்பாடு என்று இவனுக்குப் புரியவில்லை.

விடுமுறை நாள். அந்தச் சின்ன ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. கொடிகள், கேக் கடை, குழந்தைகள், வெயில். ஒரு குட்டி எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது, அந்த மேட்டில் இத்தனை பெட்டியை இழுக்க அது போதாது என்று பார்த்தாலே தெரிந்தது. பார்ஜெட்டர் ரயில் கார்டு உடுப்பில், கையில் பச்சைக்கொடியோடு வந்தார். வில்ஃபைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டு, "நாப்பத்தொண்ணக் காப்பாத்துன கார்ஸ்லிக்காரர் இவருதான்," என்றார். நாலு பேர் வந்து கை கொடுத்தார்கள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது வில்ஃபுக்கு.

அவர்கள் நகர்ந்ததும் பலகையை நீட்டினான்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. அவள வெட்டிட்டாங்க."

பார்ஜெட்டருக்குப் புரியவில்லை. எப்படி வெட்ட முடியும், நீங்கள்தான் ஒதுக்கி வைத்திருந்தீர்களே என்றார்.

"ஒதுக்கலீங்க. ஒரு பைசா கட்டல. அப்படி ஒரு டிரஸ்ட்டே கெடையாது. நானே பெயிண்ட் கொண்டாந்து நானே எழுதினது. அன்னிக்கு நீங்க கேட்டப்பவே சொல்லியிருந்தா இன்னிக்கு இங்க நின்னிருப்பா. சொல்லத் தெரியாமப் போகல. சொல்லல."

பார்ஜெட்டர் பலகையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இவன் முகத்தை உற்றுப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். திட்டப் போகிறார் என்று வில்ஃப் காத்திருந்தான், ஆசையாகவே காத்திருந்தான். அதற்குள் எஞ்சின் கூவியது.

"மன்னிச்சுக்குங்க," என்றார் பார்ஜெட்டர், மெல்ல, ரொம்ப மரியாதையாக. "வண்டிக்கு நேரமாச்சு." பலகையோடு பின்பெட்டியைப் பார்த்து நடந்தார். கொடியை எந்தக் கையில் பிடிப்பது என்று தடுமாறுவது தெரிந்தது.

வில்ஃபுக்குத் திரும்பிப் போய்விட்டால் போதும் என்றிருந்தது. டொரீன் விடவில்லை. வந்தது வந்தோம், டிக்கெட் எடுத்தாயிற்று, ஏறு என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். உள்ளே நடைபாதை முழுக்க ஆட்கள். பெட்டிக்குள் அறை அறையாக இருக்கை இருக்கிற பழைய வண்டி அது, எல்லா அறையும் பிதுங்கியது. இரண்டு பேரும் இடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். பெட்டியின் நடுவில் ஓர் அறை மட்டும் காலி. ஆறு இருக்கையும் தூசி தட்டிச் சுத்தமாக இருந்தன. கதவுக் கண்ணாடியில் காகிதம் ஒட்டி, அழகாகக் கையால் எழுதியிருந்தது: 'ஒதுக்கப்பட்டது. கார்ஸ்லி எஞ்சின் டிரஸ்ட்.'

அதன் முன்னால், கைக்குழந்தையோடு ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, ஊன்றுகோலோடு. இன்னும் இரண்டு வாண்டுகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு. ஐந்து பேரும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள், காலி அறையைக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். கதவு பூட்டவில்லை. ஒருத்தர்கூடக் கை வைக்கவில்லை, எழுதியிருக்கிறதே.

வில்ஃப் நின்ற விதத்தைப் பார்த்து அந்தப் பெண் அவசரமாக ஒதுங்கினாள்.

"உங்களுதுங்களா? வழிய மறைச்சிட்டோமோ?"

வில்ஃப் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். நன்றாக ஒட்டியிருந்தார்கள். கிழியாமல் வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான்.

"எங்களுது இல்லம்மா," என்றான். "யாரோடதும் இல்ல. உள்ள போய் உக்காருங்க."

அவர்கள் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு இடம் இருக்கிறதே, நீங்களும் வாங்களேன் என்று கூப்பிட்டாள். டொரீன் அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கடைசி ஸ்டேஷன் வரை இரண்டு பேரும் நடைபாதையிலேயே நின்றுகொண்டு போனார்கள்.